காட்ஸ்வோல்ட்ஸ் குடில் விடுமுறை

காட்ஸ்வோல்ட்ஸ் குடில் விடுமுறை என்பது இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மேட்டு நிலப்பகுதியில் பழைய கல்வீடு ஒன்றைச் சில நாட்களுக்கோ ஒரு வாரத்துக்கோ வாடகைக்கு எடுத்து, அதில் தங்கித் தாமே சமைத்து உண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களையும் சந்தை நகரங்களையும் கண்டுவரும் ஓய்வுப் பயண முறை ஆகும். விடுதியில் தங்குவதிலிருந்து இது வேறுபட்டது. பணியாளர் எவரும் உடன் இருப்பதில்லை. வீட்டின் சாவி விருந்தினரிடம் ஒப்படைக்கப்படுகிறது. தங்கும் நாட்களில் அவர்கள் அவ்வூரின் தற்காலிகக் குடிகளாக வாழ்கின்றனர்.

இவ்வாறு வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பல, ஒருகாலத்தில் நெசவாளர்களும் பண்ணைத் தொழிலாளர்களும் ஆடு மேய்ப்போரும் வாழ்ந்தவை. அவர்களது தொழில்கள் நலிந்து வீடுகள் காலியானதே இவ்விடுமுறை முறை தோன்றுவதற்கு முதற்காரணம். இன்று அவ்வீடுகளின் விலை உள்ளூர் உழைப்பாளியின் வருமானத்துக்கு எட்டாத உயரத்தில் இருப்பதற்கு அதே விடுமுறையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பெயர்

'காட்டேஜ்' என்னும் ஆங்கிலச் சொல் இடைக்காலத்தில், சொந்தமாகப் பெரிய வயல் இல்லாமல் பிறர் நிலத்தில் உழைத்து வாழ்ந்த குடும்பத்தின் சிறு வீட்டைக் குறித்தது. தமிழில் இதைக் குடில் என்று சொல்லும்போது ஓலை வேய்ந்த மண்குடிசை நினைவுக்கு வரக்கூடும். காட்ஸ்வோல்ட்ஸ் குடில்களோ ஏறத்தாழ அரை மீட்டர் தடிப்புள்ள கற்சுவர்களும், பெரும்பாலும் கல்லோட்டுக் கூரையும் கொண்டவை. முந்நூறு, நானூறு ஆண்டுகள் பழமையான குடில்கள் இங்கு அரியன அல்ல.

காட்ஸ்வோல்ட்ஸ் என்ற பெயரில் உள்ள 'வோல்ட்' என்பது உயர்ந்த திறந்தவெளி நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். முற்பகுதிக்கு ஆட்டுப்பட்டி என்று பொருள் கூறுவாரும், 'காட்' என்ற ஒருவரின் பெயர் என்று கூறுவாரும் உளர். சந்தை நகரங்களின் பெயரில் வரும் 'சிப்பிங்' என்பது சந்தை எனப் பொருள்படும். சிப்பிங் கேம்டன், சிப்பிங் நார்ட்டன் ஆகியவை இவ்வாறு பெயர் பெற்றவை. மேல் ஸ்லாட்டர், கீழ் ஸ்லாட்டர் என்ற இரு சிற்றூர்களின் பெயரை ஆங்கிலம் அறிந்தோர் 'படுகொலை' என்று பொருள்கொண்டு வியப்பதுண்டு. அப்பெயர் சேற்று நிலம் என்னும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பதே பொதுவான விளக்கம்.

நிலமும் கல்லும்

காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் பெரும்பகுதி குளோஸ்டர்ஷயரிலும் ஆக்ஸ்போர்ட்ஷயரிலும் அமைந்துள்ளது. வில்ட்ஷயர், சாமர்செட், வூஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் ஆகியவற்றிலும் இதன் ஓரங்கள் பரவியுள்ளன. இதன் மிக உயர்ந்த இடமான கிளீவ் குன்று 330 மீட்டர் உயரம் உடையது. மேற்கே நிலம் செங்குத்தாகச் செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. கிழக்கே மெல்லச் சரிந்து தேம்ஸ் சமவெளியில் கலக்கிறது. விண்ட்ரஷ், கோல்ன் முதலிய சிற்றாறுகள் இச்சரிவில் ஓடித் தேம்ஸ் ஆற்றில் சேர்கின்றன. ஊர்களில் பலவும் இவ்வாற்றோரப் பள்ளங்களில் காற்றுக்கு ஒதுங்கி அமைந்தவை.

இப்பகுதி 1966ஆம் ஆண்டில் 'சிறந்த இயற்கை அழகுப் பகுதி' என அறிவிக்கப்பட்டது. 1990இல் அதன் எல்லை விரிவாக்கப்பட்டது. பரப்பளவு 2,038 சதுர கிலோமீட்டர். 2020 முதல் 'தேசிய நிலவனப்பு' என்ற பெயர் வழங்கி வருகிறது.

நிலத்தடியில் இருப்பது ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல். உடைத்துப் பார்த்தால் மீன்முட்டைகளை ஒட்டவைத்தது போன்ற நுண்ணிய உருண்டைகள் தெரியும். வெட்டி எடுத்த புதிதில் மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும் தன்மை உடையதால் செதுக்குவதற்கு ஏற்றது. வடபகுதியில் தேன் நிறத்திலும் தெற்கே பாத் நகரை நெருங்க நெருங்க வெளிறியும் காணப்படுகிறது. ஓர் ஊரின் வீடு, தேவாலயம், களஞ்சியம், வேலி அனைத்தும் அருகிலிருந்த அதே கல்லால் கட்டப்பட்டமையால், ஊர் முழுவதும் ஒரே நிறமாகத் தோன்றுகிறது. இது திட்டமிட்டுச் செய்யப்பட்ட அழகு அன்று. கனமான கல்லை வண்டியில் தொலைவுக்குக் கொண்டுசெல்வது பெருஞ்செலவு என்பதால் நேர்ந்தது.

கூரைக்கான கல்லோடு செய்யும் முறை குறிப்பிடத்தக்கது. ஆக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்னும் ஊரில் ஏடு ஏடாகப் பிளக்கும் இயல்புள்ள கல்லை வெட்டியெடுத்து, ஈரம் உலராமல் திறந்தவெளியில் பரப்பி வைப்பர். குளிர்காலப் பனியில் கல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும்போது கல் தானே மெல்லிய தகடுகளாகப் பிரியும். கூரை வேயும்போது பெரிய ஓடுகள் இறவாரத்திலும், மேலே செல்லச் செல்லச் சிறிய ஓடுகளும் அடுக்கப்படும். மழைநீர் விரைந்து வடிவதற்காகக் கூரை செங்குத்தாக அமைக்கப்படுகிறது. அவ்வாறு கிடைக்கும் உள்வெளியே மாடி அறையாகிறது. இன்றைய விருந்தினர் தலையைக் குனிந்துகொண்டு படுக்கைக்குச் செல்ல நேர்வது இதனால்தான்.

வயல்களைப் பிரிக்கும் வேலிகளும் கல்லே. சாந்து எதுவும் இடாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிக் கட்டும் இச்சுவர்கள் காட்ஸ்வோல்ட்ஸ் முழுவதும் சுமார் 6,400 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

கம்பளியும் சந்தை நகரங்களும்

இப்பகுதியின் பழைய செல்வம் செம்மறி ஆட்டிலிருந்து வந்தது. நீண்ட மயிர் கொண்ட உள்ளூர் ஆட்டினம் 'காட்ஸ்வோல்ட் சிங்கம்' என்று அழைக்கப்பட்டது. இடைக்காலத்தில் இங்கிலாந்தின் கம்பளி மயிரைப் பிளெமிய நெசவு நகரங்களும் இத்தாலிய வணிகர்களும் விரும்பி வாங்கினர். இங்கிலாந்தின் பொருளாதாரத்தில் கம்பளி பெற்றிருந்த இடத்துக்கு அடையாளமாக, பிரபுக்கள் அவையில் அவைத்தலைவர் அமரும் இருக்கை இன்றும் கம்பளி அடைத்த மெத்தையாகவே உள்ளது.

கம்பளி வணிகர்கள் ஈட்டிய பொருளில் ஒரு பகுதி தேவாலயங்களாக எழுந்தது. மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் பெரியனவாக உள்ள இவை 'கம்பளித் தேவாலயங்கள்' எனப்படுகின்றன. நார்த்லீச், சைரன்செஸ்டர், சிப்பிங் கேம்டன் ஆகிய ஊர்களில் உள்ளவை புகழ்பெற்றவை. நார்த்லீச் தேவாலயத்தில் வணிகர்களின் கல்லறைகள் மீது பதிக்கப்பட்ட பித்தளைத் தகடுகளில், அவர்களின் காலடியில் செம்மறி ஆடும் கம்பளி மூட்டையும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கேம்டனில் 1401ஆம் ஆண்டில் இறந்த வில்லியம் கிரெவல் என்ற வணிகரின் நினைவுத்தகடும், அவர் வாழ்ந்த வீடும் நிலைத்துள்ளன.

சந்தை கூட்டும் உரிமை அரசர் அளிக்கும் பட்டயத்தால் கிடைத்தது. சந்தை வரியும் கடை வாடகையும் அவ்வுரிமை பெற்றவரைச் சேர்ந்தன. எனவே நிலவுடைமையாளரும் மடங்களும் பட்டயம் பெற முனைந்தனர். குறிப்பிடத்தக்க சந்தை நகரங்கள் சில:

சைரன்செஸ்டர் - உரோமர் காலத்தில் கொரினியம் என்ற பெயருடன் பிரித்தானியாவின் இரண்டாவது பெரிய நகரமாக விளங்கியது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நில அளவைப் பதிவேட்டில் இதன் சந்தை குறிப்பிடப்படுகிறது. அந்நகரில் சந்தை இன்றளவும் கூடுகிறது.

ஸ்டோ-ஆன்-த-வோல்ட் - மேட்டின் மீது, பல சாலைகள் சந்திக்கும் இடத்தில் உள்ளது. முதலாம் ஹென்றி மன்னர் 1107இல் சந்தைப் பட்டயம் அளித்தார். 1476இல் நான்காம் எட்வர்ட் இரண்டு ஆண்டுச் சந்தைகளுக்கு அனுமதி வழங்கினார். ஒரே சந்தையில் 20,000 ஆடுகள் விற்கப்பட்டதாக எழுத்தாளர் டேனியல் டிஃபோ பதிவு செய்துள்ளார். சதுக்கத்துக்கு வந்துசேரும் சந்துகள் மிகக் குறுகலானவை. ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி எண்ணுவதற்கு இவை உதவின என்பர். 1646இல் முதல் ஆங்கில உள்நாட்டுப் போரின் கடைசிக் களப்போர் இவ்வூர் அருகே நடந்தது. ஆட்டுச் சந்தை மறைந்தபின் குதிரைச் சந்தை தொடர்ந்தது. ஜிப்சி மற்றும் நாடோடிச் சமூகத்தினர் ஆண்டுக்கு இருமுறை கூடுகின்றனர்.

மோர்டன்-இன்-மார்ஷ் - 1227இல் பட்டயம் பெற்றது. இதன் அகன்ற தெரு, ஃபாஸ் வே என்னும் உரோமர் சாலையின் ஒரு பகுதியாகும். செவ்வாய்க்கிழமைச் சந்தை அத்தெருவிலேயே கூடுகிறது.

சிப்பிங் கேம்டன் - வளைந்து செல்லும் முதன்மைத் தெருவுக்காகப் பெயர் பெற்றது. 1627இல் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டிய சந்தை மண்டபம் தெருவின் நடுவில் நிற்கிறது. பலரின் காலடி பட்டுத் தேய்ந்த அதன் கரடுமுரடான கற்தரை அப்படியே விடப்பட்டுள்ளது.

டெட்பரி - தடித்த தூண்கள் மேல் நிற்கும் 1655ஆம் ஆண்டுச் சந்தை மண்டபம் உடையது.

பர்போர்ட் - விண்ட்ரஷ் ஆற்றை நோக்கிச் சரியும் தெரு. 1649இல் கிராம்வெல்லின் படையில் சம உரிமை கோரிக் கலகம் செய்த லெவலர் வீரர் மூவர் இவ்வூர்த் தேவாலய வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நெசவாளர் குடில்கள்

பிற்காலத்தில் கம்பளியை மயிராக ஏற்றுமதி செய்வதைவிடத் துணியாக நெய்து விற்பது பெருகியது. நூற்பும் நெசவும் பெரும்பாலும் வீடுகளிலேயே நடந்தன. பைபரி என்னும் ஊரில் உள்ள ஆர்லிங்டன் வரிசை இக்காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. சுமார் 1380இல் மடத்துக்குரிய கம்பளிக் களஞ்சியமாகக் கட்டப்பட்ட இந்நீண்ட கட்டிடம், 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களுக்கான சிறு வீடுகளின் வரிசையாகப் பிரிக்கப்பட்டது. அவர்கள் நெய்த துணி எதிரே உள்ள நீர்சூழ்ந்த புல்தரையில் சட்டங்களில் கட்டி உலர்த்தப்பட்டது. சட்டத்தைக் குறிக்கும் சொல்லால் அத்திட்டு 'ராக் ஐல்' எனப் பெயர் பெற்றது. இன்று அது காட்டுத்தாரா முதலிய நீர்ப்பறவைகள் வாழும் ஈரநிலம்.

தொழிற்புரட்சியின்போது நெசவு முதலில் ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கின் நீர்விசை ஆலைகளுக்கும், பின்னர் நிலக்கரி அருகில் கிடைத்த யார்க்‌ஷயருக்கும் நகர்ந்தது. காட்ஸ்வோல்ட்ஸில் நிலக்கரி இல்லை. அதனால் புகைபோக்கிகளும் செங்கல் தொழிற்பேட்டைகளும் இங்கு பெருமளவில் எழவில்லை. 1870களில் தொடங்கிய வேளாண் நெருக்கடி எஞ்சிய உழைப்பாளரையும் வெளியேற்றியது. இடித்துப் புதிதாகக் கட்ட எவரிடமும் பணம் இல்லாததால் பழைய வீடுகள் நின்றன. சுற்றுலாப் பயணிகள் இன்று கண்டு மகிழும் பழமை, உண்மையில் அவ்வூர்கள் நூறாண்டுக்கும் மேலாக அனுபவித்த வறுமையின் எச்சம் எனலாம்.

பண்ணைத் தொழிலாளர் பலர் பண்ணைக்குச் சொந்தமான குடில்களில் வாழ்ந்தனர். வேலை போனால் வீடும் போகும். குழாய்நீர் இல்லை, கழிவறை தோட்டத்தின் கோடியில் இருக்கும், ஈரம் ஏறும் கற்தரை மீது குழந்தைகள் வளர்ந்தனர். 1926ஆம் ஆண்டின் ஊரகத் தொழிலாளர் வீட்டுச் சட்டம் இத்தகைய வீடுகளைச் சீர்செய்ய உதவித்தொகை அளித்தது. பண்ணைக் குடில்களில் வாழ்ந்தோருக்கு வெளியேற்றத்திலிருந்து சட்டப் பாதுகாப்பு 1976இல்தான் முழுமையாகக் கிடைத்தது. அதற்குள் இழுவை இயந்திரங்கள் வந்து, பண்ணைகளுக்குத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

கண்டெடுக்கப்பட்ட நாட்டுப்புறம்

வெளியுலகம் காட்ஸ்வோல்ட்ஸை அழகிய இடமாகக் காணத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1871 முதல், தேம்ஸ் கரையிலுள்ள கெல்ம்ஸ்காட் மாளிகையைத் தம் கோடைக்கால இல்லமாக வைத்திருந்தார். பைபரியை இங்கிலாந்தின் மிக அழகிய ஊர் என்று அவர் புகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. பர்போர்ட் தேவாலயத்தில் புதுப்பித்தல் என்ற பெயரில் பழைய வேலைப்பாடுகள் அழிக்கப்படுவதைக் கண்ட அவர், 1877இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழைய கட்டிடத்தைப் புதியதுபோல் ஆக்காமல், பழுதுமட்டும் நீக்கிக் காக்கவேண்டும் என்ற அச்சங்கத்தின் கொள்கையே இன்றைய குடில்கள் பேணப்படும் முறைக்கும் அடிப்படை.

1902இல் சி. ஆர். ஆஷ்பீ தம் கைவினைஞர் குழுவைக் கிழக்கு லண்டனிலிருந்து சிப்பிங் கேம்டனுக்குக் கொண்டுவந்தார். குடும்பத்தினருடன் சுமார் 150 பேர் வந்தனர். காலியாகக் கிடந்த குடில்களும் பட்டு ஆலை ஒன்றும் அவர்களுக்கு இடமளித்தன. வெளியூரார் வருகையால் வாடகை உயர்ந்துவிட்டது என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. சந்தையிலிருந்து தொலைவில் இருந்ததும், இயந்திரப் பொருட்களின் விலையோடு போட்டியிட முடியாமையும் சேர்ந்து 1908க்குள் குழு கலைந்தது. கைவினைஞர் சிலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

இவ்வூருடன் தமிழ்மரபினர் ஒருவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கொழும்பில் சர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, கேம்டனுக்கு அருகிலுள்ள பிராட் கேம்டன் என்ற சிற்றூரில் 1907 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பாழடைந்திருந்த நார்மன் காலச் சிறு தேவாலயம் ஒன்றை ஆஷ்பீ அவருக்காக வீடாக மாற்றிக் கொடுத்தார். அவ்வீட்டிலேயே அச்சகம் அமைத்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலைக் குமாரசுவாமி 1908இல் அச்சிட்டு முடித்தார். வில்லியம் மோரிஸின் அச்சகத்திலிருந்து வந்த அச்சுப்பொறியே அதற்குப் பயன்பட்டது. அச்சிட்ட படிகள் 425. இயந்திரத் தொழிலும் குடியேற்ற ஆட்சியும் கைவினைஞரை எவ்வாறு அழித்தன என்று இலங்கையைக் குறித்து எழுதிய நூல், நெசவாளர் மறைந்துபோன ஓர் ஆங்கிலச் சிற்றூரில் அச்சேறியது.

விடுமுறை இல்லங்களாக மாறுதல்

1853இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வூஸ்டருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது மோர்டன்-இன்-மார்ஷ் லண்டனுக்கு நெருங்கியது. எனினும் பெருந்திரளாக மக்கள் வரத் தொடங்கியது 1920களில் மோட்டார் வண்டி பரவிய பின்னரே. 1929இல் கேம்டன் நகரின் பழங்கட்டிடங்களைக் காக்கக் கேம்டன் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஆர்லிங்டன் வரிசை பாதுகாப்பு நோக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, 1949இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசமானது. 1938ஆம் ஆண்டின் ஊதிய விடுப்புச் சட்டம் உழைப்பாளர் குடும்பங்களுக்கும் விடுமுறையை எட்டச் செய்தது. அவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக்கே சென்றனர். நாட்டுப்புறக் குடில் நடுத்தர வகுப்பாரின் நாட்டமாக இருந்தது.

1960களில் கிளை இருப்புப்பாதைகள் மூடப்பட்டன. போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் 1962இலும், டெட்பரி, சைரன்செஸ்டர் ஆகியன 1964இலும், சிப்பிங் கேம்டன் 1966இலும் தம் பயணிகள் நிலையங்களை இழந்தன. வேலைக்குச் செல்ல வண்டி இல்லாதோர் வெளியேறினர். வண்டி உள்ளோர் வார இறுதிகளில் வந்தனர்.

1965இல் சர் ஜான் ஸ்மித் நிறுவிய லேண்ட்மார்க் டிரஸ்ட், அழியும் நிலையிலுள்ள வரலாற்றுக் கட்டிடங்களைச் செப்பனிட்டு அவற்றை விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அவ்வருவாயிலேயே அவற்றைப் பேணும் முறையைக் கொண்டுவந்தது. கேம்டனில் பாப்டிஸ்ட் ஹிக்ஸின் மாளிகை 1645இல் உள்நாட்டுப் போரின்போது எரிந்துபோக, எஞ்சிய விருந்து மண்டபங்களில் இவ்வமைப்பு விருந்தினரைத் தங்கவைக்கிறது. நேஷனல் டிரஸ்டும் தன் குடில்கள் பலவற்றை இவ்வாறு விடுகிறது. ஆயினும் இப்பகுதியின் விடுமுறைக் குடில்களில் பெரும்பாலானவை தனியாருடையவை. அவை முதலில் செய்தித்தாள் விளம்பரங்கள் வாயிலாகவும், பின்னர் முகவர்களின் படப்பட்டியல்கள் வாயிலாகவும், 2008இல் ஏர்பிஎன்பி தொடங்கிய பின் இணையம் வாயிலாகவும் வாடகைக்கு விடப்பட்டன. வெளிநாட்டுப் பயணம் தடைப்பட்ட 2020, 2021 ஆண்டுகளில் தனிக்குடில்களுக்குத் தேவை மிகுந்தது.

நடைமுறை

மரபுப்படி வாடகை வாரக் கணக்கில், வெள்ளி அல்லது சனிக்கிழமை தொடங்கி அடுத்த வாரம் அதே கிழமையில் முடிகிறது. மாறும் நாளில் காலை 10 மணியளவில் ஒரு குடும்பம் வெளியேற, பிற்பகல் 4 மணியளவில் அடுத்த குடும்பம் வரும். இடைப்பட்ட சில மணிநேரத்தில் துப்புரவும் படுக்கைவிரிப்பு மாற்றமும் நடக்கின்றன. ஊரில் எஞ்சியுள்ள வேலைகளுள் இதுவும் ஒன்று. பள்ளி விடுமுறை அல்லாத காலத்தில் மூன்று அல்லது நான்கு இரவுகளுக்கும் விடப்படுகிறது. பள்ளிகளின் கோடை விடுமுறையான ஆறு வாரங்கள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகியவற்றில் வாடகை மிக உயர்ந்திருக்கும்.

சாவி பெரும்பாலும் எண்பூட்டுப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும். மேசைமேல் ரொட்டி, பால், வெண்ணெய் போன்ற வரவேற்புப் பொருட்களும், வீட்டுக் குறிப்பேடும், முன்பு தங்கியோர் எழுதிய பதிவேடும் இருக்கும். பல சிற்றூர்களுக்கு எரிவாயுக் குழாய் இல்லாததால் எண்ணெய்க் கொதிகலனும் விறகடுப்பும் வெப்பம் தருகின்றன. தடித்த சுவர்களால் கைப்பேசித் தொடர்பு அறைக்கு அறை மாறுபடும். வாசல்கள் தாழ்வானவை, மாடிப்படி செங்குத்தானது. முதியோரும் நடக்க இயலாதோரும் முன்பதிவுக்கு முன் இவற்றைக் கேட்டறிதல் நலம்.

ஊரில் கடை இல்லாமல் போவதும் இயல்பே. அப்போது சந்தை நகரமே உணவுப் பொருட்களுக்கும் மருந்துக்கும் வங்கிக்கும் உரிய இடமாகிறது. பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் பல தடங்களில் இல்லவே இல்லை. மோர்டன்-இன்-மார்ஷுக்கு லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணிநேரத் தொடர்வண்டிப் பயணம். சைரன்செஸ்டருக்கு அருகில் உள்ள நிலையம் கெம்பிள்.

பகற்பொழுது பெரும்பாலும் நடையில் கழிகிறது. தனியார் வயல்களின் ஊடே செல்லும் பொதுவழிகளில் நடக்க எவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. 1949ஆம் ஆண்டின் சட்டம் இவ்வழிகளை நிலப்படங்களில் பதிவுசெய்ய வழிவகுத்தது. நடப்போருக்கான வழியை மஞ்சள் அம்பும், குதிரையிலும் மிதிவண்டியிலும் செல்லக்கூடிய வழியை நீல அம்பும் காட்டுகின்றன. ஆடுமாடு மேயும் வயலில் கதவைத் திறந்தவர் மூடிச்செல்வதும், நாயைக் கயிற்றில் பிடித்திருப்பதும் கட்டாய நெறிகள். சிப்பிங் கேம்டனிலிருந்து பாத் நகர் வரை 164 கிலோமீட்டர் செல்லும் காட்ஸ்வோல்ட் நடைவழி, 2007இல் தேசிய நடைவழியாகத் திறக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

கட்டிடப் பாதுகாப்பு

குடில்களில் பல, சிறப்புக் கட்டிடப் பட்டியலில் இடம்பெற்றவை. இப்பட்டியல்முறை 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தால் வலுப்பெற்றது. பட்டியலிலுள்ள வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சி மன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும். கல்லோட்டை எடுத்துவிட்டுக் காங்கிரீட் ஓடு பதிப்பதும், மரச் சாளரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் சாளரம் வைப்பதும் ஒப்புதலின்றிச் செய்தால் குற்றம். இவ்விதிகளால் ஊரின் தோற்றம் காக்கப்படுகிறது. அதேவேளையில் பழுதுபார்ப்புச் செலவு கூடுகிறது. விடுமுறை வாடகை அச்செலவை ஈடுசெய்வதால், குடில்களை வாடகைக்கு விடுவதே அவற்றைக் காக்கும் வழி என உரிமையாளர்கள் வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கூரை இடிந்து கிடந்த வீடுகள் மீண்டும் நிமிர்ந்தன.

குடியிருப்புச் சிக்கல்

மறுபுறம், விடுமுறைக் குடிலாகவும் இரண்டாம் வீடாகவும் மாறும் ஒவ்வொரு வீடும் நிலையான குடும்பம் ஒன்றின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்கால வாரநாள் ஒன்றின் மாலையில் விளக்கெரியும் வீடுகளை எண்ணுவது இதை அறிவதற்கான எளிய வழி என்று இங்கிலாந்து ஊரகங்களில் கூறுவர். குழந்தைகள் குறையப் பள்ளி மூடப்படுகிறது. வாடிக்கையாளர் குறைய அஞ்சலகமும் பேருந்துத் தடமும் போகின்றன. விடுதிகளில் சமைப்போரும், குடில்களைத் துப்புரவு செய்வோரும், முதியோரைப் பராமரிப்போரும் வீட்டு விலை குறைந்த வெளிநகரங்களிலிருந்து வண்டியோட்டி வர நேர்கிறது.

இதற்குச் சட்டங்கள் பல கட்டங்களில் கொண்டுவரப்பட்டன. உள்ளாட்சி மன்ற வீடுகளை அவற்றில் குடியிருப்போரே வாங்க 1980ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்தபோது, இயற்கை அழகுப் பகுதிகளில் அவ்வீடுகளின் மறுவிற்பனைக்கு வரம்பு விதிக்க இடமளித்தது. அவ்வரம்பு உள்ள இடங்களில், அப்பகுதியில் மூன்றாண்டுகள் வாழ்ந்தோ வேலைசெய்தோ இருந்தவருக்கே வீட்டை விற்கலாம். பழைய தனியார் குடில்களுக்கு இவ்விதி பொருந்தாது. 2023 ஏப்ரல் முதல், விடுமுறைக் குடில் தொழிலாகக் கருதப்படுவதற்கு ஆண்டில் 140 நாட்கள் வாடகைக்குக் கிடைக்கக்கூடியதாகவும் 70 நாட்கள் உண்மையில் வாடகைக்கு விடப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். வெற்று அறிவிப்பின் மூலம் உள்ளூராட்சி வரியைத் தவிர்த்துவந்த இரண்டாம் வீட்டாரைத் தடுப்பது இதன் நோக்கம். 2025 ஏப்ரலில் விடுமுறை வாடகைக்கு இருந்த தனி வருமான வரிச் சலுகைகள் நீக்கப்பட்டன. அதே மாதம் முதல், இரண்டாம் வீடுகளுக்கு உள்ளூராட்சி வரியை இருமடங்கு வரை விதிக்க இங்கிலாந்தின் மன்றங்களுக்கு அதிகாரம் கிடைத்தது.

தங்குவோரைவிடப் பகலில் வந்து செல்வோரால் வரும் நெருக்கடி வேறு. சில நூறு பேர் வாழும் பைபரியில், ஆர்லிங்டன் வரிசையைப் படமெடுக்கப் பேருந்துகளில் வருவோர் கோடைக்காலத்தில் பாலத்தையும் சாலையையும் நிறைத்துவிடுகின்றனர். 2025இல் பெரும் சுற்றுலாப் பேருந்துகள் ஊர் நடுவே நிற்பதைக் கட்டுப்படுத்தும் சோதனை ஏற்பாடு அங்கு கொண்டுவரப்பட்டது. ஆர்லிங்டன் வரிசையில் ஒரு குடில் விடுமுறைக்கு விடப்படுகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் குடியிருப்போர் உள்ளனர். தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம், சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்க வேண்டாம் என்று அவர்கள் வருவோரைக் கேட்டுக்கொள்கின்றனர்.